எல்லோரும் நட்சத்திரம், எல்லோரும் சந்தேகம்

அன்புள்ள ஐயா,

துப்பறியும் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியபோது சிட்னி லுமெட்டின் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ (1974) படத்தைத் தலையில் தூக்கி வைத்திருந்தீர்கள். அதை நம்பி வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். அகதா கிறிஸ்டியின் நாவலைக் கல்லூரி நாட்களிலேயே படித்தவள் நான். அதே கதையை கென்னத் பிரானா எடுத்த 2017 படத்தையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். நாடகம் பார்ப்பதுபோல் இருந்தது. துப்பறிவாளர் புவாரோவாக வரும் ஆல்பர்ட் ஃபின்னி கத்துகிறார், பாதி புரியவில்லை. இத்தனை பெரிய நடிகர்களைக் கூட்டிவந்து ஆளுக்கொரு காட்சி கொடுத்து வீணடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சிக்காக இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் எதற்கு? கடைசி அரைமணி நேரம் ஒரே பிரசங்கம். எல்லாவற்றையும்விட, ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு எல்லோரும் ஷாம்பெயின் கோப்பையைத் தட்டிக்கொள்கிறார்களே, அது எனக்கு ஒப்பவே இல்லை. மாமனார் ரசித்துப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முழுக்க இதைப் பற்றித்தான் சண்டை. பதினான்கு வயதுப் பையன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். அவனுக்கு வேறு எதைக் காட்டியிருக்க வேண்டும்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மற்ற வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கொலையாளி யார் என்று சொல்லாமல் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. பனியில் சிக்கிய ரயிலில் ஒருவன் கொல்லப்படுகிறான், புவாரோ பயணிகளை விசாரிக்கிறார், அதுதான் கதை. நாவல் வந்தது 1934இல், இப்போது அது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நட்சத்திரங்களை வீணடித்துவிட்டார்கள் என்கிறீர்கள். இந்தப் படத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதியாவது இதைத்தான் சொல்கின்றன. என் எண்ணம் நேர் எதிர். நாவலில் எல்லாப் பாத்திரங்களும் வெறும் எழுத்துதான், வாசகனுக்கு யாரும் உசத்தி இல்லை. சினிமாவில் முகம் வந்துவிடுகிறது. நம்பியார் திரையில் தலைகாட்டினாலே ‘இந்த ஆள்தான்’ என்று முன்வரிசையில் குரல் கேட்கும். தோட்டக்காரன் வேடத்தில் ஒரு பெரிய நடிகர் இரண்டே வசனம் பேசிவிட்டுப் போனால், இவர் சும்மாவா வந்திருப்பார் என்று நாம் அங்கேயே கணக்குப் போட்டுவிடுகிறோம். மர்மப் படம் எடுப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. எஸ். பாலசந்தர் ‘நடு இரவில்’ (1970) எடுத்தபோது மேஜர் சுந்தரராஜன், சௌகார் ஜானகி, பண்டரிபாய், சோ என்று தெரிந்த முகங்களையே வீடு நிறைய உட்காரவைத்தார். அந்தக் கதையிலும் கிறிஸ்டியின் வேறொரு நாவலின் சாயல் உண்டு.

லுமெட் அதையே பெரிய அளவில் செய்தார். ஷான் கானரி, லாரன் பகால், பெர்க்மன், வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஜான் கில்குட், வெண்டி ஹில்லர், மைக்கேல் யார்க், ஜாக்குலின் பிஸ்ஸெட் என்று பெட்டிக்குப் பெட்டி நட்சத்திரம். கில்குட் மாதிரி ஒரு ஆள் தட்டு ஏந்திக்கொண்டு வேலைக்காரராக வருகிறார்! யாரை விடுவது, யாரைப் பிடிப்பது? எல்லோருமே சந்தேகத்துக்குரிய அளவுக்குப் பெரியவர்கள். கடைசியில் பார்த்தால் விடையும் அதுதான்: எல்லோரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள். முதல் காட்சியிலிருந்தே விடையை நம் மூக்குக்கு முன்னால் வைத்துவிட்டு, விளம்பரப் பலகையிலும் அச்சடித்துவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்கிறது படம். ஒருவருக்கு மட்டும் நான்கு காட்சி கூடுதலாகக் கொடுத்திருந்தால் இந்த வித்தை செத்திருக்கும். அதனால்தான் ஆளுக்கு ஒரு காட்சி.

நாடகம் மாதிரி இருக்கிறது என்றீர்கள். ஆமாம், அவர்கள் புவாரோவுக்கு முன்னால் நாடகம்தானே போடுகிறார்கள்! மிஸஸ் ஹப்பார்டாக வரும் பகால் நடைபாதையில் ஓயாமல் வம்பு பேசிக்கொண்டு போவதைப் பார்த்து நீங்களும் ‘மிகை நடிப்பு’ என்று முகம் சுளித்திருப்பீர்கள். அந்தப் பாத்திரம் ஒரு மேடை நடிகை, ரயிலில் நடப்பது முழுக்க அவள் அரங்கேற்றும் நாடகம் என்று முடிவில் தெரிகிறது. கதை தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தால் இது வேறு படம். யார் யாரைப் பார்க்காமல் தவிர்க்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிடுகிறது என்று கவனித்துக்கொண்டே போகலாம். நாவல் படித்தவராக இருந்தும் நீங்கள் இந்த விளையாட்டில் இறங்கவில்லை என்று தோன்றுகிறது. பிரானாவின் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே பார்த்ததால் இருக்கலாம்.

பெர்க்மன் விஷயத்துக்கு வருகிறேன். லுமெட் அவருக்குக் கொடுக்க நினைத்தது ரஷ்ய இளவரசி வேடத்தை. அவரோ பிடிவாதமாக கிரேட்டா ஓல்சனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பாத்திரம் வாடிய முகத்தோடு, கூசிக் குறுகி நிற்கும் ஒரு மதப்பணிப் பெண். விசாரணைக் காட்சி ஏறக்குறைய முழுதும் ஒரே ஷாட், கிட்டத்தட்ட ஐந்து நிமிடம், வெட்டே கிடையாது. கேமரா அவரைச் சுற்றி மெல்ல நகர்கிறது, அவர் தடுமாறும் ஆங்கிலத்தில் தன் கதையைச் சொல்கிறார். ஸ்வீடனில் பிறந்து ஹாலிவுட்டில் சரளமாக ஆங்கிலம் பேசிப் பழகிய ஒருவர், ஸ்வீடன்காரியின் உடைந்த ஆங்கிலத்தை வரவழைத்து நடிக்கிறார். பயமும் அசட்டுத்தனமும் பக்தியும் அந்த முகத்தில் மாறி மாறி வருகின்றன. அது பொய் சொல்லும் ஒருத்தியின் முகம் என்று நமக்குப் பிறகுதான் தெரியும். வெட்டு இல்லாததால் ஒளிந்துகொள்ள அவருக்கு இடமில்லை.

ஆஸ்கார் எதற்கு என்ற உங்கள் கேள்வியை அவரே மேடையில் ஏறிக் கேட்டுவிட்டார், தெரியுமா? 1975இல் விருதைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஃபிரான்சுவா த்ரூஃபோவின் படத்தில் நடித்த வாலென்டினா கோர்தேஸேவுக்குப் போயிருக்க வேண்டியது என்று சொல்லி அவரிடம் மன்னிப்பும் கேட்டார். பெர்க்மனுக்கு அது மூன்றாவது ஆஸ்கார். ஆறு பிரிவுகளில் பரிந்துரை பெற்ற இந்தப் படத்துக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

ஃபின்னியைப் பொறுத்தவரை உங்களோடு பாதி வழி வருகிறேன். கழுத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு, பிரில்கிரீம் தடவிய தலையோடு அவர் உறுமுவது முதல் அரைமணி நேரம் சிரமம்தான். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, உடம்பில் பஞ்சும் முகத்தில் ஒப்பனையுமாக மூப்பை ஏற்றினார்கள். கிறிஸ்டிக்குப் படம் பிடித்திருந்தது. 1974 நவம்பரில் லண்டன் முதல் காட்சிக்கு நேரில் வந்தார். அவருடைய ஒரே குறை மீசை, தான் எழுதிய அளவுக்கு அது பிரமாதமாக இல்லை என்றார். பிரானா 2017இல் வைத்துக்கொண்ட மீசையைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குறைக்கு வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்த்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். புவாரோ என்றால் எனக்குத் தொலைக்காட்சியில் நடித்த டேவிட் சூஷேதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பன்னிரண்டு நடிகர்கள் எதிரே உட்கார்ந்து நடிக்கும்போது நடுவில் அடங்கிய குரலில் பேசும் ஒருவர் காணாமல் போயிருப்பார். ஃபின்னியின் சத்தம் அந்தக் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது.

அந்தக் ‘கடைசி அரைமணிப் பிரசங்கம்’ நடக்கும்போது ஒன்றைக் கவனித்தீர்களா? புவாரோ சொல்லச் சொல்ல, முன்பு பார்த்த விசாரணைத் துணுக்குகள் திரும்ப வருகின்றன. அவை பழைய ஷாட்டுகள் இல்லை. அதே தருணங்களை லுமெட் அகலமான லென்ஸ் போட்டு மறுபடி எடுத்திருக்கிறார். முகங்கள் லேசாகப் பிதுங்கி, முன்பு அப்பாவியாகத் தெரிந்த பேச்சு இப்போது திருட்டுத்தனமாகத் தெரிகிறது. பையனுக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அலுத்திருக்கும். அவன் வயதில் எனக்கும் அலுத்திருக்கும்.

சரி, ஷாம்பெயின். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கிறிஸ்டி இதை எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1932 மார்ச்சில் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்கின் இருபது மாதக் குழந்தையை அமெரிக்காவில் வீட்டிலிருந்தே தூக்கிப் போனார்கள். பணமும் கொடுத்தாயிற்று, மே மாதம் பிணம்தான் கிடைத்தது. போலீஸ் துருவித் துருவி விசாரித்த ஒரு வேலைக்காரப் பெண் விஷம் குடித்துச் செத்தாள். நாவலில் ரயிலில் கொல்லப்படுபவன், ஆம்ஸ்ட்ராங் என்பவர் வீட்டுக் குழந்தையைக் கடத்திக் கொன்றவன்; அதற்குப் பழிவாங்கத்தான் எல்லோரும் சேர்கிறார்கள். அந்த ஆம்ஸ்ட்ராங் வீட்டிலும் அப்படி ஒரு வேலைக்காரப் பெண் உண்டு. லிண்ட்பெர்க் வழக்கில் ஹாப்ட்மன் என்பவரைக் கைது செய்தது 1934 செப்டம்பரில். நாவல் அந்த வருடத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆக, அதை முதலில் படித்தவர்களுக்கு உண்மையான குற்றவாளி இன்னும் எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்தான். அந்த ஆத்திரம் ஊரெங்கும் இருந்தபோது கிறிஸ்டி பன்னிரண்டு பேரைக் கொண்டு ஒரு ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு) அமைத்து, அவர்கள் கையில் கத்தியையும் கொடுத்தார்.

அந்தப் பன்னிரண்டு என்ற எண்தான் எனக்கு இந்தப் படத்தில் தீராத சுவாரசியம். லுமெட்டின் முதல் படம் ‘12 ஆங்ரி மென்’ (1957). அதில் பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் அடைபட்டு ஒரு பையனை மின்சார நாற்காலிக்கு அனுப்பத் தயாராக இருப்பார்கள், ஒரே ஒருவர் கையைத் தூக்கித் தடுப்பார். பதினேழு வருடம் கழித்து அதே இயக்குநர் பன்னிரண்டு பேரைப் பனியில் சிக்கிய ரயிலில் அடைக்கிறார். இந்த முறை தடுப்பதற்கு ஒருவர்கூட இல்லை. இரண்டு படத்திலும் மார்ட்டின் பால்சம் இருக்கிறார். அங்கே ஜூரிகளின் தலைவர், இங்கே ரயில் கம்பெனி அதிகாரி பியாங்கி. ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் ‘இவர்தான் செய்தது’ என்று அடித்துச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாரே, அவரேதான். வெளியாள் ஒருவன் கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்று ஒன்று, நடந்த உண்மை இன்னொன்று என்று புவாரோ இரண்டு விடைகளை வைத்ததும், போலீசுக்கு எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்தப் பியாங்கிக்கு வருகிறது. பொய்யைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அதுவரை படம் பார்க்கும் நம்மைப்போல ஊகித்துக்கொண்டிருந்தவர் அவர், ஆகவே நம் கையையும் பிடித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

அப்புறம்தான் கோப்பைகள். புவாரோ அந்த மகிழ்ச்சியில் சேரவில்லை. அறிக்கையோடும் மனசாட்சியோடும் மல்லுக்கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகிவிடுகிறார். அவ்வளவுதான், படம் அவர் பின்னால் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து கோப்பையைத் தட்டிக்கொள்கிறார்கள், நாடகம் முடிந்து நடிகர்கள் வணக்கம் சொல்வதுபோல. சற்று முன்னால்தான் நீல வெளிச்சத்தில் இவர்கள் வரிசையில் நின்று கட்டிலில் கிடப்பவனைக் குத்தியதைப் பார்த்தோம். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், ஒப்பக்கூடாது என்றுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்பேன். மாமனார் வேறு மாதிரி சொல்லியிருப்பார்: அந்தக் குழந்தையைக் கொன்றவனுக்கு வேறென்ன மரியாதை என்று.

மற்ற இரண்டு வடிவங்களிலும் இந்தச் சண்டைக்கு வழியே இல்லை. 2010இல் சூஷே நடித்த தொலைக்காட்சிப் படத்தில் புவாரோ கையில் ஜெபமாலையோடு, கண்ணில் நீரோடு பனியில் நடந்து போகிறார். பிரானா பன்னிரண்டு பேரையும் ரயில் சுரங்கப்பாதை வாசலில் நீள மேசையில் வரிசையாக உட்காரவைத்து, கடைசி இராவுணவு ஓவியம்போலக் காட்டுகிறார். அதோடு நில்லாமல் அவர்கள் காயப்பட்டவர்கள் என்று புவாரோ வாயாலேயே சொல்லவும் வைக்கிறார். சூஷேயின் முடிவு எனக்குப் பிடித்ததுதான், அந்த நடிகருக்காக. ஆனால் இரண்டிலும் நாம் படவேண்டிய அவஸ்தையைப் புவாரோவே பட்டுவிடுகிறார். நாம் நிம்மதியாக எழுந்து படுக்கப் போகலாம். லுமெட் உங்களைச் சாப்பாட்டு மேசையில் சண்டை போட வைத்திருக்கிறார்.

பையனுக்கு என்ன காட்டுவது? பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நடித்த ‘டெத் ஆன் தி நைல்’ (1978). அதே தயாரிப்பாளர்கள்தான். எகிப்தில் வெயிலில் எடுத்த படம், ஒரே பெட்டிக்குள் அடைபட்ட அலுப்பு இருக்காது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் ‘12 ஆங்ரி மென்’ போடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரே அறை, ஆனால் அவன் எழுந்து போகமாட்டான் என்று நினைக்கிறேன். ஓரியண்ட் எக்ஸ்பிரஸை இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும். பாதியில் எழுந்து போனவனுக்கு இன்னும் முடிவு தெரியாது அல்லவா? மாமனாரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.