ஆறு வயது மகள் எல்லோரிடமும் பட்பட்டென்று பேசுகிறாள், கண்டிக்க வேண்டுமா?

'வாய்த்துடுக்கு என்று உறவினர்கள் சொல்கிறார்கள்' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது விசேஷத்துக்குப் போயிருப்பீர்கள். பிள்ளை எதையோ சொல்ல, நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஒரு பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்திருப்பார். அந்த ஒருவர் முகம்தான் இன்னும் உங்கள் கண்ணில் நிற்கிறது.

கண்டிக்காதீர்கள்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்ததை முதலில் சொல்கிறேன். டவுன் பஸ்ஸில் தனியாக வந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது கேட்க வேண்டும். தொண்டை வரை வந்த சொல் வெளியே வரவில்லை. அப்படியே இறங்கிவிட்டேன். வீட்டில் காசைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி அடி வாங்கினேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று வளர்த்த வீடு அது.

போன வருடம் மகளோடு மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றத்துக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் போனேன். 2021 மே மாதத்திலிருந்து அந்த பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மகளுக்கு ஆறு வயது, மேல் வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம். கண்டக்டர் அவள் கையில் இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் 50 ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"மாமா, அப்பா என் துணைக்குத்தான் வந்திருக்கிறார். அவருக்கும் சும்மாதானே?" என்றாள்.

"அப்பா மீசையை எடுத்துவிட்டு வரட்டும் பாப்பா, யோசிக்கலாம்" என்றார் அவர்.

என் மீசையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்படியென்றால் மீசைக்கு மட்டும் டிக்கெட் கொடுங்கள். மற்றதெல்லாம் என்னோடு வந்தது."

பூக்கூடையோடு நின்ற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் முகத்தைப் பார்த்து, பயமில்லாமல், அவரையும் சிரிக்க வைத்துப் பேச என் பிள்ளைக்கு வருகிறதே!

பின் இருக்கையிலிருந்து ஒருவர், "பெண் பிள்ளைக்கு இத்தனை வாய் ஆகாது தம்பி, இப்போதே அடக்கி வையுங்கள்" என்றார்.

செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று இதைப் படிப்பவர்களும் சொல்லலாம். அவள் 'மாமா' என்றுதான் அழைத்தாள், யாரையும் 'நீ' என்று சொல்லவில்லை. ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பேன், வைத்தும் இருக்கிறேன். மரியாதை வேறு, ஊமையாக இருப்பது வேறு. பையன் இப்படிப் பேசியிருந்தால் 'கெட்டிக்காரன்' என்றிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடமும் இதே கதைதான். அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'வகுப்பில் அதிகம் பேசுகிறாள்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அதே பள்ளி ஆண்டு விழாவில், யாரோ எழுதிய ஆங்கிலப் பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைத்தது. ஒரு எழுத்து மாறக் கூடாதாம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். பின் இருக்கைக்காரருக்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. சில்லறை இல்லையென்று கண்டக்டர் மீதியை என் டிக்கெட்டின் பின்னால் எழுதியிருந்தார். திருப்பரங்குன்றம் வந்தபோது நல்ல கூட்டம். படிக்கட்டை நோக்கி நகர்ந்தபோது எனக்குப் பழையபடி தொண்டை அடைத்தது. மகள் என் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, எக்கி நின்று நீட்டினாள்.

"மாமா, மீசைக்கு மீதி."

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் எழுதியதைப் பேனாவால் அடித்துவிட்டு, நோட்டும் சில்லறையுமாக அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.