பாலாற்றுக்கு ஆணையம் உண்டா?

வணக்கம் அண்ணா. ஆந்திர எல்லையில் பாலாற்றின் குறுக்கே உள்ள புல்லூர் தடுப்பணைக்குக் கீழே கிணறு வற்றிவிட்டது, காவிரிக்கு இருப்பது போல பாலாற்றுக்கும் ஆணையம் இருக்கிறதா, நேரடியாக வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நிலமும் ஆம்பூர்ப் பக்கம்தான். படித்ததும் மனசு கனத்துப்போனது.

2018-இல் வந்த மேலாண்மை ஆணையம் காவிரிக்கு மட்டும்தான். பாலாற்றுக்கு இருப்பது 1892-ஆம் ஆண்டு மதராஸ்–மைசூர் ஒப்பந்தம். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் அரசு புதிதாக நீர்த்தேக்கம் கட்டினால், கீழ்ப்பக்கம் இருக்கும் அரசின் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. அதை வைத்துத்தான் தமிழகம் 2006-இல் ஆந்திராவின் குப்பம் அணைத் திட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனது. 2016-இல் ஆந்திரா புல்லூர் தடுப்பணையை உயர்த்தியபோதும் போனது.

மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவற்றை விசாரித்துத் தீர்க்கும் நடுவர் மன்றத்தைக் கேட்கும் உரிமை மாநில அரசுக்குத்தான், தனி விவசாயிக்கு இல்லை. சரி, நம் கையில் என்ன இருக்கிறது? கிணற்று நீர்மட்டத்தை மாதாமாதம் தேதியோடு எழுதி வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அப்புறம், நம் பக்கத்து மணல் கொள்ளையையும் அதே மனுவில் எழுதுங்கள். மணல் போன ஆற்றில் வெள்ளம் வந்தாலும் தண்ணீர் தங்காது அண்ணா.