எதிர்வீட்டில் பன்னிரண்டு பதார்த்தம்

கேள்வி: எதிர்வீட்டு உக்ரைன் குடும்பம் டிசம்பர் 24 இரவு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7 இல்லையா? போன வருடம் போலந்துத் தோழி வீட்டில் சாப்பிட்டதுபோலத்தான் இருக்குமா? என்ன வாங்கிப் போகலாம்?
– வாசகி, கிராக்கோவ், போலந்து

பதில்: ஜனவரி 7 பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. போர் தொடங்கிய பிறகு, மாஸ்கோ கொண்டாடும் நாளில் நமக்கெதற்கு என்று பலர் மாறிவிட்டார்கள். 2023-இல் சட்டமே விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாற்றியது. ஜனவரியை விடாதவர்களும் இருக்கிறார்கள். உங்களைக் கூப்பிட்டது 24-க்கு, அவ்வளவுதான்.

நான் மேற்கு உக்ரைனில், தெர்னோப்பிலில் மருத்துவம் படித்தேன். குடியிருந்த வீட்டுப் பாட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்னைத் தனியாகச் சாப்பிட விடமாட்டார். இப்போது வார்சாவில் இருப்பதால் இரண்டு மேசையும் பழக்கம். முதல் நட்சத்திரம் தெரிந்தபின் சாப்பாடு, மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், இறைச்சியில்லாத பன்னிரண்டு பதார்த்தம் என எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் போலந்தில் முதலில் காகிதம்போல் மெல்லிய அப்பத் தகட்டைப் பிட்டுப் பகிர்கிறார்கள். உக்ரைனில் முதல் கரண்டி குத்யா: வேகவைத்த முழுக்கோதுமை, தேன், அரைத்த கசகசா. கசகசா நம்முடைய வெள்ளை இல்லை, கருநீலம். பாட்டி அதை மண்சட்டியில் மர உலக்கையால் அரைப்பார், எனக்குத் தோள் வலிக்கும் வரை என்னிடமும் தருவார். போலந்தில் காலி நாற்காலி எதிர்பாராத விருந்தாளிக்கு. பாட்டி வீட்டில் கூடுதல் தட்டு இறந்தவர்களுக்கு. அதில் தெரியாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். மூலையில் நிற்கும் கோதுமைக் கதிர்க்கட்டு திதூஹ், முன்னோர்களுக்கானது. அடுக்குமாடி வீட்டில் அது சின்னதாக ஜாடியில் இருக்கும்.

சாப்பாட்டை எங்கேயும் சமைத்துவிடலாம். இங்கே என் உக்ரைன் நண்பர்கள் ஏங்குவது வாசலுக்குத்தான். தெர்னோப்பிலில் சாப்பாடு முடிவதற்குள் கொல்யாத்கா என்ற கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். கம்பு நுனியில் சுழலும் நட்சத்திரம், ஏரோது ராஜா வேஷம், ஆடு வேஷம், சாத்தான் வேஷம். ஆடு செத்து விழுந்து எழுந்திருக்கும். பாடி முடித்தால் காசும் இனிப்பும். எங்கள் வார்சா கட்டடத்தில் கீழ்க்கதவுக்கே ரகசிய எண். எந்த ஆடு ஏறி வரும்? அதனால் நண்பர்கள் செல்போனை மேசையில் நிறுத்தி, ஊரில் இருக்கும் அம்மாவோடு சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே மின்சாரம் போனால் பாட்டும் பாதியில் நிற்கும்.

சரி, என்ன வாங்குவது? பழைய முறைப்படி அன்றிரவு பால், வெண்ணெய், முட்டையும் கிடையாது. கேக்கை விட்டுவிடுங்கள். நல்ல தேன், உலர்பழம், குழந்தைகளுக்கு மாண்டரின் ஆரஞ்சு போதும். உள்ளே போனதும் "கிறிஸ்தோஸ் நரோதிவ்சியா" (கிறிஸ்து பிறந்தார்) என்பார்கள், "ஸ்லாவிமோ யோஹோ" (அவரைப் போற்றுவோம்) என்று பதில் சொல்லுங்கள். மதியம் அரை வயிறு சாப்பிட்டால் போதும், பன்னிரண்டிலும் ஒரு வாயாவது ருசி பார்க்க வேண்டும். அப்புறம், வீடு திரும்பியதும் கொஞ்சம் சில்லறை எடுத்து வையுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வரக்கூடிய முதல் கதவு உங்களுடையதுதான்.