பாலினேசியர் தென்னமெரிக்காவை அடைந்தனரா? கேள்வி பதில்

கேள்வி: பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசியரும் அமெரிக்கப் பழங்குடியினரும் சந்தித்ததற்கு உறுதியான சான்று உண்டா, ஐயா?

பதில்: உண்டு. நெடுங்காலம் சர்க்கரைவள்ளிக் கிழங்கே முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டது. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அக்கிழங்கு, ஐரோப்பியர் வருமுன்பே பாலினேசியாவின் குக் தீவுகளில் ஒன்றான மங்காயாவில் இருந்ததை அங்கே கிடைத்த கரிந்த எச்சங்கள் காட்டுகின்றன. 'குமரா' என்னும் அதன் பாலினேசியப் பெயரும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதிச் சொல்லை ஒத்திருக்கிறது. எனினும், விதை கடலில் மிதந்து வந்திருக்கலாமே என்ற மறுப்பு எஞ்சியிருந்தது. மனிதர்களின் மரபணுவுக்கு அந்த மறுப்பு பொருந்தாது. கி.பி. 1200ஐ ஒட்டி இரு மக்களும் கலந்தனர் என்றும், அந்த அமெரிக்க மரபு இன்றைய கொலம்பியப் பழங்குடியினரின் மரபுக்கு நெருக்கமானது என்றும் 2020இல் வெளியான ஆய்வு கண்டது. ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயியின் முன்னோர் பதினைவரின் மரபணுவை ஆராய்ந்த 2024ஆம் ஆண்டு ஆய்வும், அவர்களிடம் ஏறத்தாழ 10 விழுக்காடு அமெரிக்க மரபு இருப்பதையும், அக்கலப்பு 1250க்கும் 1430க்கும் இடையே நிகழ்ந்ததையும் காட்டியது. ஐரோப்பியர் அத்தீவை முதன்முதலில் கண்டது 1722இல்தான்.

கேள்வி: சிலியில் கிடைத்த கோழி எலும்புகள்?

பதில்: அவை பாலினேசியக் கோழிகளுடையவை என்று 2007இல் கூறப்பட்டது, பின்னர் மறுக்கப்பட்டது. அதை நம்பி வாதிட வேண்டாம்.

கேள்வி: 1947இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஹெயர்டால் பெருவிலிருந்து கோன்-டிக்கி என்னும் தெப்பத்தில் கடலைக் கடந்து காட்டினாரே, அமெரிக்கர்கள்தாம் மேற்கே சென்றார்களோ?

பதில்: பால்சா மரங்களைப் பிணைத்த அந்தத் தெப்பம் 101 நாள்களில் பாலினேசியாவின் ராரோயா தீவை அடைந்தது, காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்ல இயலும் என்பதைத்தான் மெய்ப்பித்தது. (இன்று இரட்டை உடற்கலங்களுக்கு வழங்கும் 'கட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, ஆயினும் நம் கட்டுமரத்துக்கு நெருங்கிய உறவு இந்தத் தெப்பமே, பாலினேசியரின் இரட்டைத் தோணி அன்று.) பாலினேசியரின் மொழியும் கோழியும் பன்றியும் மேற்கிலிருந்து வந்தவை. அங்கே பெரும்பாலும் கிழக்கிலிருந்தே காற்று வீசுவதால், மேலைக்காற்று வாய்க்கும் சில நாள்களில் கிழக்கே புறப்படுபவருக்கு ஊர் திரும்பும் வழி எளிதாக இருக்கும். ஆகவே பாலினேசியரே சென்று திரும்பினர் என்று கருதுகிறேன்.

கேள்வி: கருவியின்றித் திசையை எப்படி அறிந்தனர்?

பதில்: விண்மீன்கள் எழும் இடமும் விழும் இடமும், தொலைவிலிருந்து வரும் பேரலைகளின் போக்கும், மாலையில் கரை திரும்பும் பறவைகளும் வழிகாட்டின. 1976இல் மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாலுமி மாவ் பியாலுக் இம்முறையிலேயே ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு ஓர் இரட்டைத் தோணியைச் செலுத்தினார். அத்தோணியின் பெயரான 'ஹோகுலேயா', நாம் சுவாதி என்றழைக்கும் விண்மீனைக் குறிப்பது. சுவாதி ஹவாயின் உச்சிவானைக் கடந்து செல்லும் விண்மீன் ஆதலால், தெற்கிலிருந்து வருபவர் அது தலைக்கு நேரே வரும்வரை வடக்கே செலுத்திப் பின் தீவை நோக்கித் திரும்புவர்.