அறுபதைத் தாண்டிய பிறகு என்ன பொழுதுபோக்கு? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நடை, யோகா, உடற்பயிற்சி இவற்றை விட்டுவிட்டு, வயதான காலத்தில் மனம் ஒன்றிச் செய்ய என்ன இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 71. ஓய்வு பெற்றவர்கள் வாரம் ஒரு முறை கூடும் சிறு குழு ஒன்றை 11 ஆண்டுகளாக நடத்துகிறேன். என் சொந்த ஆர்வம் வானம் பார்ப்பது. மற்றவை குழுவில் இருப்பவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை.

ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. வேலையைத் தவிர எதுவும் தெரியாது. எதில் தொடங்குவது, அம்மா?

"எனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பதில் வராது. அந்தக் கேள்வி கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். வேறு மாதிரி கேளுங்கள்: பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லாமலே, எதைச் செய்துகொண்டிருந்தீர்கள்? ரேடியோவைப் பிரித்துப் பார்த்தீர்களா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டீர்களா? எறும்புச் சாரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தீர்களா?

எங்கள் குழுவில் கணக்குத் துறையில் இருந்தவர் ஒருவர். சிறு வயதில் தெருவில் போகிற வண்டி எண்களை எல்லாம் எழுதி வைப்பாராம். இப்போது பறவைகளைப் பட்டியல் போடுகிறார். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் தினமும் பதிவு செய்கிறார். பார்த்ததை வரிசையாகக் குறித்து வைப்பதில்தான் அவருக்கு ஆனந்தம். அன்று வண்டி எண், இன்று பறவை. உங்கள் சுபாவம் எது என்று தெரிந்தால் பொருள் தானாகக் கிடைக்கும்.

அப்புறம் ஒன்று. முதல் நான்கு வாரம் எந்தச் சாமானும் வாங்காதீர்கள். இரவல் வாங்குங்கள், வைத்திருப்பவர் பக்கத்தில் உட்காருங்கள். ஓய்வு பெற்ற மாதமே நான் பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். அதைத் தூக்கி வெளியே வைக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு வருடம் உறை போட்டபடியே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. கடைசியில் என்னைத் திரும்ப இழுத்தது ஒரு தோழியின் பழைய பைனாகுலர்தான்.

72 வயதில் வாட்டர் கலர் பழகலாமா? சிரிக்க மாட்டார்களா?

மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1700-இல் பிறந்தவர். வண்ணக் காகிதங்களை வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களை உருவாக்கும் வேலையை ஏறக்குறைய உங்கள் வயதில்தான் தொடங்கினார். கண் மங்கும்வரை பத்து வருடத்தில் 1,000-க்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் 'கிராண்ட்மா மோசஸ்' எழுபதுகளின் பிற்பகுதியில் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். மூட்டுவலியால் ஊசி பிடித்து எம்பிராய்டரி செய்ய முடியாமல் போனதே காரணம். 101 வயது வரை வாழ்ந்தார்.

நான்கு வாரம் கழித்து வாங்கும்போது, வண்ணத்தில் சிக்கனம் பிடித்துத் தாளில் செலவு செய்யுங்கள். ஆறு வண்ணம் போதும். தாள் மட்டும் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) கனத்தில் இருக்கட்டும். மெல்லிய தாள் நீர் பட்டதும் நெளிந்து, குழிகளில் வண்ணம் தேங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் தாளின் குற்றத்தைத் தங்கள் கையின் குற்றம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எத்தனை பேரை இப்படி இழந்திருக்கிறோம்!

விரல் மூட்டு வலி இருக்கிறது. பின்னல் வேலை ஆசை.

இரண்டு ஊசிப் பின்னலை விடக் குரோஷா பாருங்கள், ஒரே கொக்கி ஊசிதான். 5 அல்லது 6 மி.மீ. தடிமனும் பருத்த பிடியும் உள்ளதாக எடுங்கள். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணிகள் தெரியாது, கண்ணும் கையும் சேர்ந்து களைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையைக் கீழே வையுங்கள். விரல் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவர்.

தபால் தலை சேர்த்தால் பிற்காலத்தில் விலை ஏறுமா?

முதலீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லதா?

அது உடற்பயிற்சி. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

மறதி வராமல் இருக்க தினமும் சுடோகு போடுகிறேன். அது போதும்தானே?

பிடித்திருந்தால் போடுங்கள். மருந்து என்று நினைத்துப் போடாதீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாக ஆய்வாளர்கள் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. மூன்று மாதம், வாரம் சுமார் 15 மணி நேரம், சிலர் டிஜிட்டல் புகைப்படம் கற்றார்கள், சிலர் துணி ஒட்டுத் தையல் கற்றார்கள், சிலர் இரண்டையும் கற்றார்கள். எளிய புதிர்களும் இசை கேட்பதுமாகப் பழகிய வேலைகளில் இருந்தவர்களை விட இவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. தெரியாத ஒன்றைத் திணறிக் கற்பதில்தான் பலன் இருந்தது. ஆனால் அதற்காகவே யாரும் தையலில் உட்கார்ந்தால் மூன்று மாதம் தாங்காது. பிடித்ததில் திணறுங்கள்.

எனக்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்கைச் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

வயது 68. நட்சத்திரம் பார்க்க ஆசை. 7x50 பைனாகுலர் வாங்கச் சொல்கிறார்கள், சரியா?

வாங்குமுன் ஒரு மாதம் வெறும் கண்ணால் நிலவைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் தாமதமாக எழுவதைக் குறித்து வையுங்கள். அதில் அலுப்பு வந்தால் பைனாகுலரும் உதவாது.

இப்போது எண்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், மி.மீ. கணக்கில். 50-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 7. கண்ணை நோக்கி வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இளம் வயதில் இருட்டில் கண்மணி, அதாவது கண்ணின் நடுவே ஒளி நுழையும் கறுப்பு வட்டம், 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற விரிவு குறைகிறது. அறுபது எழுபதுகளில் பலருக்கு 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். 7 மி.மீ. கற்றை 5 மி.மீ. வாசலில் எப்படி முழுதாக நுழையும்? பாதி ஒளி வெளியே நின்றுவிடும். 5-ஐ 7-ஆல் பெருக்கினால் 35. ஆக, 7x35 காட்டுவதைத்தான் 50-இன் கனத்தோடு சுமந்து பார்ப்பீர்கள். அதனால் உங்கள் வயதுக்கு நான் சொல்வது 8x42, 42-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 5. பகலில் பறவை பார்க்கவும் ஆகும். கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே 15 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டாலும் முழுக்காட்சி தெரிகிற மாதிரியைக் கேளுங்கள். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள், கண்ணே போய்விடும்.

நான் முப்பது வருடம் கப்பலில் இருந்தவன். இரவுக் காவலில் 7x50 தவிர வேறு எடுத்ததில்லை. நீங்கள் கணக்கை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள், மேடம்.

கப்பலில் அது சரியான தேர்வு, ஐயா. தளம் ஆடும். கற்றை அகலமாக இருந்தால் கண் கொஞ்சம் விலகினாலும் காட்சி மறையாது. ஏழு மடங்கில் கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். ஆனால் காவல் நின்றபோது உங்கள் கண்ணுக்கு வயது முப்பது. கேட்டவர் அசையாத நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிற 68 வயதுக்காரர்.

இருவரும் தவறு. 10x50-தான் சிறந்தது. கற்றையும் 5 மி.மீ., வியாழனின் நிலவுகளும் தெரியும்.

கற்றை சரி. கலிலியோ 1610-இல் கண்ட நான்கு நிலவுகளும் தெரியும், அதுவும் சரி. ஆனால் அது ஒரு கிலோவை நெருங்கும் கனம், கைநடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். தாங்கி இல்லாமல் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சாய்வு நாற்காலியில் முழங்கையை ஊன்றி, குழாயின் முன்பாகத்தைப் பிடித்தால் ஆட்டம் குறையும்.

இந்த எண்கள் எதுவும் புரியவில்லை. வயதானவர்களுக்கு எது நல்ல பொழுதுபோக்கு என்று எளிதாகச் சொல்ல முடியுமா?

நான்காவது முறையாக இதே கேள்வி. முதல் பதில், தயவுசெய்து. எதுவும் வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கப்பல்காரன் மறுபடியும். எல்லோருக்கும் 5 மி.மீ. என்று எப்படிச் சொல்லலாம்?

எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை, பலருக்கு என்றேன். ஆனாலும் கேள்வி நியாயமானது. எழுபதிலும் 6 மி.மீ.க்கு மேல் விரிகிறவர்கள் உண்டு. அளந்து பாருங்கள். இருட்டறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அளவுகோலை ஒட்டினாற்போல் வைத்து, ஃபிளாஷ் போட்டு ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்மணி சுருங்குவதற்குள் படம் விழுந்துவிடும். செல்போன் வேண்டாம், அதன் விளக்கு முன்கூட்டியே எரிந்து கண்ணைச் சுருக்கிவிடும். பழைய கேமராவாக இருக்கட்டும், கண் சிவப்பைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

அப்பா நாள் முழுக்க டி.வி. முன்னால். வரைபலகை, செஸ் பலகை, செடித்தொட்டி எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். தொடவே இல்லை.

வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். "நீங்கள் சும்மா இருக்கிறீர்கள்" என்று அந்தச் சாமான்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவருக்குத் தெரிந்த ஒன்றை நீங்கள் கற்றுக்கொள்ளப் போங்கள். பழைய புகைப்படங்களை எடுத்துவைத்து, யார் எவர் என்று கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத மெத்தென்ற பென்சில், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் வரை பதியும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்களில் படங்கள் இருந்தால் மெதுவாக வெளியே எடுங்கள், பசை படத்தைக் கெடுக்கும். செடித்தொட்டியை அவர் என்றாவது தொட்டால், மண் மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடச் சொல்லுங்கள், மண்ணை முதலில் நனைக்கச் சொல்லுங்கள். தொட்டி மண் கலவைத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கலாம். வயதானவர்களைத்தான் அது அதிகம் படுத்தும்.

என் கணவர் போய் ஒன்றரை வருடம். சேர்ந்தே பாட்டுக் கேட்போம். இப்போது பாட்டு வைத்தாலே அழுகை வருகிறது, அக்கா.

பாட்டை இப்போதைக்கு விட்டுவிடு அம்மா, அது எங்கும் போகாது. உனக்கு வேண்டியது, அவர் இல்லாத வேறொரு இடம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், நாலு பேர் உன்னை எதிர்பார்க்கிற இடம். கை ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும். கைவேலைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பேச்சு வந்தால் பேசலாம். வெளியே போக மனம் இல்லாத நாட்களுக்கு விக்கிமூலம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. பழைய புத்தகப் பக்கங்களை அச்சுப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. நீ முடித்த பக்கத்தை முகம் தெரியாத ஒருவர் பச்சையாக்கி வைத்திருப்பதைக் காலையில் பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். அவரும் உன்னைப் போல் தனித்துப் போனவர்தான். ஒன்றரை வருடம் நீண்ட காலம் இல்லை. அழுகை வந்தால் அழு.

கப்பல்காரன். அளந்துவிட்டேன், 6 மி.மீ.

நன்றாக விரிகிறது ஐயா! ஆறை ஏழால் பெருக்கினால் 42. உங்கள் கண்ணில் அந்த 7x50 ஒரு 7x42 மாதிரி வேலை செய்யும். 70 சதவீத ஒளி உள்ளே வரும். கையில் இருப்பதை மாற்ற வேண்டாம். அதன் அகன்ற காட்சிக்குக் கார்த்திகைக் கூட்டம் மிகப் பொருத்தம். வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும் இடத்தில் டஜன் கணக்கில் தெரியும். அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டுத் தொடங்குங்கள், நம் கண்ணுக்கு இருள் பழக அவ்வளவு நேரம் ஆகும். எத்தனை எண்ணினீர்கள் என்று எழுதுங்கள்.