கல் கெட்டியானால் பிளேடு இளக வேண்டும்

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். வளவுக்கு (முற்றத்தைச் சுற்றிய கூடம்) ஆத்தங்குடி கல், வாசற்படிக்குக் கருங்கல். ஆத்தங்குடி கல்லில் நன்றாக ஓடிய டைமண்ட் பிளேடு கருங்கல்லில் பொறி பறக்கிறதே தவிர இறங்கவில்லை. 'இன்னும் கெட்டியான பிளேடு வாங்குங்க' என்கிறார் கடைக்காரர். தண்ணீர் தேவையில்லை என்கிறார் கொத்தனார். என்ன செய்வது?
- வாசகி, காரைக்குடி

பதில்: கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறானதை வாங்குங்கள். கல்லை அறுப்பது இரும்புத் தகடு அல்ல. விளிம்பில் உலோகத் தூளோடு சேர்த்து இறுக்கிய வைரப் பொடி. மேலுள்ள வைரம் மழுங்கியதும் அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து வழிவிட்டால்தான் அடுத்த வைரம் தலைகாட்டும். கருங்கல்லின் பொடி நைசானது, உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. அதனால் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் இளக்கமாக இருக்க வேண்டும். ஆத்தங்குடி கல்லோ சிமெண்டும் மணலும். மணல் உலோகத்தை அரம்போல ராவிவிடும். அதற்குத்தான் கெட்டிப் பிடிப்பு. கடையில் 'கிரானைட்டுக்கு' என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போதுள்ள பிளேடு வீணாகிவிடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் கண்ணாடிபோல வழுக்கினால் வைரம் உள்ளே மூடிக்கிடக்கிறது. ஹாலோ பிளாக்கிலோ பழைய சாணைக்கல்லிலோ ஐந்தாறு கோடு ஆழமில்லாமல் இழுத்தால் உலோகம் தேய்ந்து வைரம் எட்டிப் பார்க்கும். பிளேடின் மேல் உள்ள அம்புக்குறி, மெஷின் சுற்றும் திசையைப் பார்த்திருக்கட்டும். ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் சிறு வால்போல உலோகம் முட்டுக் கொடுத்திருக்கும்; திருப்பி மாட்டினால் முட்டு இல்லாமல் வைரம் உதிரும்.

ஆத்தங்குடி கல்லின் பூ ஓரத்தில் பெயராமலிருக்க, இடைவெளி இல்லாத முழு விளிம்புப் பிளேடு. பல் பல்லாக வெட்டுள்ள செக்மெண்ட் பிளேடு வேகமாக அறுக்கும், ஆனால் ஓரம் கடித்ததுபோல் ஆகிவிடும். அதைக் கான்கிரீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதல் இழுப்பு 2, 3 மி.மீ. மட்டும். கருங்கல்லிலும் ஒரே அமுக்கில் இறக்காமல் 5 மி.மீ. வீதம் போங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொத்தனார் பேச்சைக் கேட்க வேண்டாம். முழு விளிம்புப் பிளேடு காய்ந்த கல்லில் சூடேறி நெளிந்துவிடும். அதைவிட, கருங்கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் விட்டாலும் மாஸ்க் வேண்டும். ஈரக் கையும் கரண்டும் சேர்வதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் மெஷினைச் சொருக விடாதீர்கள். சேறு காய்வதற்குள் கல்லைக் கழுவிவிடுங்கள். ஆத்தங்குடி கல் உறிஞ்சும், கறை பிறகு போகாது.

கேள்வி: படிக்கல் 3 அங்குலக் கனம். 4 அங்குல மார்பிள் கட்டரில் 5 அங்குல பிளேடு மாட்டினால் ஆழம் கிடைக்குமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கிடைப்பது 7 மி.மீ.தான், அதுவும் மூடியைக் கழற்றினால். கையில் பிடித்து அறுக்கும் பிளேடுகளின் விளிம்பு வேகத்துக்கு வழக்கமான எல்லை விநாடிக்கு 80 மீட்டர். நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடும் மெஷினில் 110 மி.மீ. பிளேடின் (கடையில் 4 அங்குலம் என்பது இதுதான்) விளிம்பு 75 மீட்டர் வேகத்தில் ஓடும்; 125 மி.மீ. மாட்டினால் 85. செக்மெண்ட் தெறித்தால் தடுக்க மூடியும் இருக்காது. கல்லை ஆள் வைத்துத் தூக்கி, பெரிய பிளேடுள்ள கல் பட்டறையில் அறுத்து வாங்குங்கள்.