அரசுக் கொள்கையால் உற்பத்தியும் வேலையும் பாதிக்கப்படுகிறது என்பது உண்மையா, இல்லை முதலாளிகள் சொல்லும் சாக்கா?

கேள்வி கேட்டவர் மாதச் சம்பளக்காரராகத்தான் இருக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி அக்கவுண்டில் பணம் விழுகிறவருக்குத்தான் ‘சாக்கு’ என்ற வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும். என் மச்சான் ஒருவர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார். அவருக்கும் இதே சந்தேகம் உண்டு. “உங்க ஆளுங்க எப்பத்தான் நல்லா ஓடுதுன்னு சொல்லியிருக்கீங்க?” என்று எந்த விசேஷத்தில் பார்த்தாலும் கேட்பார். அவருக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்தே இங்கே எழுதிவிடுகிறேன்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. நானும் சித்தப்பா மகனும் பங்குதாரர்கள். பொருளாதாரம் படித்தவன் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. மற்ற தொழில்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. லாரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களும் ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி) வைத்திருப்பவர்களும் நிறைய. வண்டி கம்பெனியிலிருந்து சேஸிஸாக, அதாவது இன்ஜினும் சக்கரமும் பொருத்திய வெறும் சட்டமாக வரும். முன்பெல்லாம் கேபின்கூட இருக்காது. ஸ்டியரிங்கும் ஒரு பலகையும் மட்டும் இருக்கும், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தூசு விழாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார். அதற்கு அடிச்சட்டம் கோத்து, பலகை அடித்து, பக்கத் தடுப்பும் பின்கதவும் ஏற்றி, வயரிங் இழுத்து, பெயிண்ட் அடித்து, முன்னால் குலசாமி பெயரை எழுதி அனுப்புவது எங்கள் வேலை. ஒரு வண்டியில் வெல்டர், ஆசாரி, டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர் என்று ஆறு வகைத் தொழில்காரர்கள் கை வைப்பார்கள். பெரும்பாலும் வண்டிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஜூலை நடுவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. 1983-க்குப் பிறகு நடந்த முதல் பெரிய மாற்றம் அது. பத்து சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியும் சரக்கும் சேர்த்து 25 டன் இருக்கலாம் என்பது பழைய வரம்பு. அது 28.5 டன் ஆனது. காலி வண்டி சுமார் 9 டன் என்றால், சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு 16 டன்னிலிருந்து 19.5 டன்னாகக் கூடிவிட்டது. ஆறு லாரி ஏற்றிய சரக்கை ஐந்து லாரி ஏற்றிவிடும். நாட்டில் ஒரு புது லாரிகூடத் தயாராகாமல், ஒரே அறிவிப்பில் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் புது லாரிகள் ரோட்டில் இறங்கிய மாதிரிதான்.

“ஓவர்லோடை ஆதரிக்கிறாயா?” என்று ஒருவர் வருவார், தெரியும். இல்லை. நம் ஊர் வண்டிகள் அதற்கு முன்பும் அந்த எடையை ஏற்றிக்கொண்டுதான் ஓடின. வழியெல்லாம் மாமூல் கொடுத்து ஓடியதைச் சட்டமாக்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம். சரக்குக் கட்டணம் குறைய வேண்டும், டீசல் மிச்சமாக வேண்டும் என்ற காரணங்களும் நியாயமானவையே. எடையை உயர்த்தியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அதனால் யாருக்கு வேலை போகும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இடி அன்றைக்கே விழுந்துவிடவில்லை. அறிவிப்பு வந்த சில நாளில், ஜூலை 20-ஆம் தேதி, டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ் பிரச்சினைகளுக்காக நாடு முழுக்க லாரி ஸ்டிரைக் தொடங்கி எட்டு நாள் நடந்தது. எடை கூடியதை அப்போது பலர் நல்ல சேதியாகத்தான் பேசினார்கள். எங்கள் பட்டறையிலும் முன்பே புக் ஆன சேஸிஸ்கள் வரிசையில் நின்றன. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் சட்டைத் துணி, ஸ்வீட் பாக்ஸ், போனஸ் எல்லாம் கொடுத்தோம். ஆனால் செப்டம்பரிலேயே ஐஎல்&எஃப்எஸ் என்ற பெரிய ஃபைனான்ஸ் நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் விழுந்திருந்தது. இரண்டாவது அடி அது. அதில் அடிபட்ட ஃபைனான்ஸ் கம்பெனிகள் கையை இறுக்கின. புது லாரியைக் கையில் ரொக்கம் வைத்து வாங்குகிறவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஃபைனான்ஸ் நின்றால் வண்டி நின்றது.

மூன்றாவது, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. 2020 ஏப்ரல் 1 முதல் பழைய பிஎஸ்-4 வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொல்லிவிட்டது. புகை குறைய வேண்டும், சந்தேகமே இல்லை. என் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் வாங்க நினைத்தவர் என்ன செய்வார்? “பொறுங்க, கடைசியில பழைய மாடலைத் தள்ளுபடியில தருவான்” என்று ஒருவர். “புது இன்ஜின் எப்படின்னு தெரியல, ரெண்டு வருஷம் போகட்டும்” என்று இன்னொருவர். நான்காவது ஜிஎஸ்டி. லாரிக்கு 28 சதவீதம். பாடி கட்டினால் 28-ஆ 18-ஆ என்பதே முதல் ஒரு வருடம் எங்களுக்குத் தெளிவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் சேஸிஸில் பாடி கட்டினால் அது சேவை, 18 சதவீதம் என்று 2018 ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்தது. அதிலும் பஸ் பாடி என்றுதான் எழுதியிருந்தது. பஸ்ஸுக்குச் சொன்னது லாரிக்குப் பொருந்துமா என்று ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்கார்ந்திருந்தோம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் காரணம் இருக்கிறது. நான்கும் ஒன்றரை வருடத்துக்குள் ஒரே தொழிலின் மேல் வந்து இறங்கின. நாட்டில் கனரக, நடுத்தர வண்டி விற்பனை 2018-19-இல் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். அடுத்த வருடம் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம். இந்தச் சரிவில் கொரோனாவுக்குப் பங்கு மிகக் குறைவு. கொரோனா ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி மாதத்தில். அதற்கு முன்பே எங்கள் பட்டறையில் ஒரு ஷெட் காலி.

2019 செப்டம்பரில் நிதி அமைச்சர் சென்னையில் பேசும்போது, வண்டி விற்பனை குறைந்ததற்கு பிஎஸ்-6 ஒரு காரணம், இளைஞர்கள் கார் வாங்காமல் ஓலா, ஊபரில் போவது இன்னொரு காரணம் என்றார். காருக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் ஆசாரி அண்ணன் அந்தச் செய்தியை டீக்கடையில் பேப்பரில் படித்துவிட்டு வந்து, “ஏனுங்க, மஞ்சள் மூட்டையும் இனி ஓலாவுலதான் போகுங்களா?” என்றார். அவருக்கு அந்த வாரம் வேலையே இல்லை. பழக்க தோஷத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கேள்வியில் ‘வேலை’ என்று இருக்கிறதே, அதற்கு வருகிறேன். பெரிய கம்பெனியில் உற்பத்தி குறைந்தால் ‘வேலையில்லா நாள்’ என்று அறிவிப்பார்கள். அது பேப்பரில் வரும், கணக்கில் ஏறும். எங்களிடம் யாரும் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. வண்டி வரவில்லை என்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். மேஸ்திரிதான் போன் செய்வார்: “வண்டி வருங்களா அண்ணா?” அடுத்த வாரம் சொல்கிறேன் என்போம். சில வாரம் அப்படிச் சொன்ன பிறகு அந்த போனும் வராது. எங்கள் வெல்டர்களில் ஒருவர் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார். டிங்கர் ஒருவர் கோழிப் பண்ணையில் கூண்டு வேலைக்குப் போனார். எழுத்து பெயிண்டர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாங்கிய அட்வான்ஸைத் திருப்ப முடியாமல் தெருவில் எங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. (‘ஏன் இல்லை’ என்று கேட்பவர்களுக்கு: கான்ட்ராக்ட் ஆட்கள் இன்று எங்களிடம், நாளை பக்கத்துப் பட்டறையில். நியாயம் என்று சொல்ல வரவில்லை, நடைமுறை அது.) இவர்கள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள், வேலை போனவர்கள் என்று எண்ணுவதற்கு?

லாரிக்காரர்களாவது நன்றாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. டன் கூடியது, டன்னுக்கு வாடகை இறங்கியது. ஏற்றும் சரக்கு அதே அளவு, ஏற்ற நிற்கும் வண்டி அதிகம் என்றால் புக்கிங் ஆபீஸில் பேரம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டீசல் விலை 2017 ஜூனிலிருந்து தினம் மாறியது, வாடகை தினம் மாறவில்லை. ஒற்றை வண்டி வைத்து அவரே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் டியூ கட்ட முடியாமல் வண்டியை விட்டார்கள்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அது கம்பெனிகளுக்கு. எங்களைப் போன்ற பங்குதாரர் நிறுவனங்களுக்கு அதில் ஒரு பைசா இல்லை. அப்புறம் 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் என்றார்கள். சந்தோஷமாக பேங்குக்குப் போனேன். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம் புதிதாகத் தருவோம், அடமானம் வேண்டாம் என்றார்கள். எங்களுக்கு அன்றைய தேதியில் கடன் இல்லை. கடன் வாங்காமல் தொழில் செய்ய வேண்டும் என்பது பெரியப்பா காலத்துக் கொள்கை. பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு? கவுன்ட்டரில் இருந்த பையன் பாவம், அவனே சங்கடப்பட்டான். “போன வருஷமே ஒரு சிசி லிமிட் போட்டு வச்சிருக்கலாமே சார்” என்றான். (சிசி லிமிட் என்பது தொழில் செலவுக்கு பேங்க் தரும் கடன் வரம்பு.) கடன் வாங்காதவனுக்கு உதவி செய்ய இந்த நாட்டில் வழியே கிடையாது போல.

இதைக் கேள்வியில் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா பேரனுக்குப் பெண் பார்க்கிறோம். டிப்ளமோ முடித்தவன், பட்டறையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான், கெட்ட பழக்கம் கிடையாது. பெண் வீட்டில் முதல் கேள்வியே “பட்டறைங்களா? கம்பெனி வேலை எதுவும் பாக்கறதில்லீங்களா?” என்பதுதான். ஆறு மாத கான்ட்ராக்டில் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பையனுக்கு ஜாதகம் குவிகிறது. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் மாப்பிள்ளைக்கு ஆக மாட்டான் என்றால், உற்பத்தியைப் பெருக்குவோம் என்று மேடையில் பேசி என்ன பயன்? சரி, விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சாக்கு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சரியாக நடத்தத் தெரியாமல் மூடிவிட்டு ஜிஎஸ்டி மேல் பழி போட்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் 3 லட்சத்து 90 ஆயிரம் ஒரே வருடத்தில் 2 லட்சத்து 25 ஆயிரம் ஆவதற்கு, நாடு முழுக்க எல்லா லாரிக்காரர்களும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. வாங்குகிறவருக்கு லட்சக்கணக்கில் மிச்சம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதியும் வந்துவிட்டது. டிரைவருக்கு அது வேண்டியதுதான், மே மாதம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கேபின் வேலை ஏற்கெனவே கம்பெனிகளிடம் போய்க்கொண்டிருந்தது, இனி முழுதாகப் போய்விடும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு மிஞ்சுவது பின்பாடி மட்டும். அதற்கும் விசாரணை வரத்தான் செய்கிறது. வருகிறவர்களிடம், பலகை வேலை தெரிந்த ஆசாரி கிடைக்கவில்லை, இரும்புத் தகட்டிலேயே தளம் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கும் இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.